துண்டுக்குள் ஒரு டாக்டர் சீட்டு

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் மிச்சமிருக்கும் மரியாதையும் போய்விடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் மனைவியின் அண்ணன் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மாப்பிள்ள, பையனுக்குக் கம்ப்யூட்டரும் கிடைக்கும்கறாங்க, டெக்ஸ்டைலும் கிடைக்கும்கறாங்க. எதுல போடறதுங்க?" என்றார். நான் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "மச்சான், கம்ப்யூட்டர்ங்கறது டைப்ரைட்டருக்குப் பொறந்த கொழந்த. ஆறு மாசத்துல இன்ஸ்டிட்யூட்ல படிச்சுக்கலாம். பஞ்சு இருக்கற வரைக்கும் கோயமுத்தூர் இருக்கும். கண்ண மூடிட்டு டெக்ஸ்டைல்ல போடுங்க" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். பையன் படித்து முடித்து வெளியே வந்த நேரத்தில் பீளமேட்டில் மில்கள் ஒவ்வொன்றாகச் சங்கை நிறுத்திக்கொண்டிருந்தன. அவன் சமர்த்து. சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டான். ஆனால் இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஏதாவது விசேஷம் என்றால், மனைவியின் அண்ணன் பந்தி விசாரிக்கிற வரிசையில் பக்கத்து இலை வரைக்கும் வந்த ஜாங்கிரி என் இலைக்கு வருவதில்லை.

இப்படிப்பட்ட ஆளிடம்தான், எந்தப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று சொல்லும் வேலையை ஒரு பள்ளிக்கூடம் நம்பி ஒப்படைத்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வேலையை நான் நன்றாகவே செய்தேன். எந்தப் படிப்பு நல்லது என்று கேட்டால்தான் உளறுவேன். கிடைக்குமா கிடைக்காதா என்று மட்டும் கேட்டால், அவிநாசி சாலையின் இரண்டு பக்கத்திலும் என்னைப்போல் சொல்ல ஆள் கிடையாது. தற்பெருமை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, ஓய்வு பெற்றவனுக்கு அதையாவது விட்டுவைக்க வேண்டும்.

இதை எழுதச் சொன்னவர் அதே பள்ளியில் இப்போது இயற்பியல் நடத்தும் இளம் ஆசிரியர். "சார், இப்பெல்லாம் செல்போன்ல மார்க்கத் தட்டினா காலேஜ் பேரே வந்துருதுங்க. நீங்க அப்ப எப்படீங்க சொன்னீங்க? ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். எப்படிச் சொன்னோம் என்றுதான் எழுதுகிறேன். செல்போனோடு எனக்குச் சண்டை இல்லை. அது ஜாங்கிரிக்கு ஆசைப்படாததால் என்னைவிட நிதானமாகவே சொல்லும்.

படித்தது, வேலை தேடியது எல்லாவற்றையும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். நானும் ஒரு காலத்தில் டாக்டராக ஆசைப்பட்டவன். எனக்குக் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, என்னைத் தவிர. இயற்பியலில் முதுகலை படித்து, பீளமேட்டில் பழைய மில் ஒன்றின் பின்புறம் இருந்த விடுதியோடு கூடிய மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். கோபி, அந்தியூர், சத்தி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். ட்ரங்குப் பெட்டி, ஒரு தூக்கு நிறைய முறுக்கு, "அடிச்சுப் படிக்க வைங்க" என்ற ஒரு வரி. அவ்வளவுதான் சேர்க்கை.

அங்கே முதல்வராக இருந்தவர் சென்னியப்பன். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். வேட்டி, முழுக்கைச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கும் நேரம் நீளநீள எதிரில் நிற்பவனுக்கு வியர்க்கும். எனக்கு அந்தக் கண்ணாடி பளபளவென்று இருந்த நாள்தான் அதிகம் நினைவிருக்கிறது.

சேர்ந்த மறுவருடமே என்னைக் கூப்பிட்டு, "நீ ஸ்டாஃப் ரூம்ல நெம்பப் பேசறியாமா. இனிமே பெத்தவங்ககிட்டப் பேசு" என்று சீட்டுக் கணிப்பு வேலையைக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'சீட்டு வாத்தியார்'. ஊருக்குள் இதைச் சொன்னால் ஏலச்சீட்டு நடத்துகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அந்தக் காலத்துக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவத்துக்கு, பிளஸ் டூ உயிரியல் மதிப்பெண்ணை நூறாகச் சுருக்குவோம். இயற்பியலும் வேதியியலும் தலைக்கு ஐம்பது. அதோடு நுழைவுத் தேர்வு ஒரு நூறு. மொத்தம் முந்நூறு. இந்த முந்நூறுக்கு எத்தனை எடுத்தால் சீட்டு என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் ஜூன் மாதத்து ஜுரம். கால் மதிப்பெண்ணில் பிள்ளைகள் தப்பினார்கள், கால் மதிப்பெண்ணில் விழுந்தார்கள்.

போன வருடம் எத்தனைக்குக் கிடைத்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குச் சென்னியப்பன் ஒரு வழி வைத்திருந்தார். கடைசி நாளன்று பிளஸ் டூ பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பள்ளி முகவரி எழுதிய ஒரு தபால் கார்டு கொடுப்பார். மொத்த மதிப்பெண், எந்தப் பிரிவு, எங்கே கிடைத்தது, இந்த மூன்றையும் எழுதிப் போட்டுவிட வேண்டும். ஆடி மாதம் முழுக்கக் கார்டுகள் வரும்.

முதல் வருடம் வந்த கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நான் சொர்க்கத்தில் இருந்தேன். இன்ன மதிப்பெண் எடுத்தவர் எல்லோருக்கும் கிடைத்திருக்கிறது! அடுத்த வருடம் வந்த பெற்றோருக்கெல்லாம் "கிடைக்கும், கிடைக்கும்" என்று கோயில் பிரசாதம் மாதிரி வாரி வழங்கினேன். பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. ஒரு தகப்பனார், மகன் டாக்டராகப் போகிறான் என்று ஊரில் கிடாய் வெட்டி விருந்தே வைத்துவிட்டார். அவர் வந்து நின்ற நிற்பைப் பார்த்து, அடுத்த கிடாய் நான்தான் என்று நினைத்தேன்.

அவர் போனபிறகு சென்னியப்பன் கேட்டார். "எத்தன பேருக்குக் கார்டு குடுத்தோம்?"

"எல்லாருக்கும் சார்."

"எத்தன வந்துது?"

"பாதிக்கு மேல சார்."

"மீதி?"

"தபால்ல தொலைஞ்சிருக்கும் சார்."

கண்ணாடி கழன்றது. "சீட்டு கெடச்சவன் கார்டு மட்டும் தொலையாம வருது. கெடைக்காதவன் கார்டு எல்லாம் தொலையுது. தபால்காரருக்கு அவ்வளவு நல்ல மனசா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிடைக்காதவன் எதற்குக் கார்டு போடுவான்? நான் ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு ஆட்டத்தைக் கணித்திருக்கிறேன். அந்தக் காலாண்டு விடுமுறையில் கார்டு போடாத வீடுகளுக்கு என்னைப் பஸ்ஸில் அனுப்பினார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில் பையன் கொல்லைப்புறமாக ஓடிவிட்டான். ஒரு வீட்டில் அந்த அம்மா சோறு போட்டுவிட்டு, "இத்தன மார்க் எடுத்தும் கெடைக்கலீங்களே" என்று அழுதார். ஆனால் திரும்பி வரும்போது, எது எல்லை, எது எல்லைக்கு வெளியே என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. வராத கார்டை எண்ணக் கற்றுக்கொண்ட பிறகு என் கணிப்பு தப்பியது மிகக் குறைவு.

அடுத்தது கடைசிப் பக்கம். இதுவும் சென்னியப்பன் முறைதான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களைக் கட்டாக வைத்துக்கொண்டு உட்காருவோம். முதல் பக்கத்தை மடித்துவிட வேண்டும். பெயரும் மொத்தமும் கண்ணில் படக்கூடாது. தாளைப் பின்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். முதல் பக்கத்தில் எல்லாப் பிள்ளையும் முத்து முத்தாகத்தான் எழுதும். கடைசிப் பக்கத்தில்தான் பிள்ளையின் நிஜம் இருக்கிறது. அங்கே எழுத்து சாய்ந்து ஓடினால் நேரம் போதவில்லை. அதை இரண்டு மாதத்தில் சரிசெய்ய முடியாது. எழுத்து நேராக இருந்து, நடுவில் ஒரு மதிப்பெண் கேள்விகளை அங்கங்கே விட்டிருந்தால் அது அலட்சியம். அதை ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம். படத்துக்குப் பெயர் குறிக்காமல் விடுகிறவன், கேள்வி எண்ணை மாற்றிப் போடுகிறவன், இவர்களையெல்லாம் நான் புதையல் என்பேன். தோண்டினால் மதிப்பெண் வரும்.

பெற்றோரிடம் சொல்வதற்கு, பத்துக்கு எத்தனை என்ற எண்ணைத் தவிர, எங்களுக்கு மூன்றே சொற்கள்தாம் அனுமதி: 'போடுங்க', 'பொறுங்க', 'வேற பாருங்க'. 'கட்டாயம்' என்ற சொல்லைத் தமிழிலிருந்தே எடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, பெற்றோர் டீ குடித்து முடிக்காமல் முடிவு சொல்லக்கூடாது. எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அந்தியூர்க்காரர் வந்த அன்றுதான் விளங்கியது.

அவர் பெயர் பழனியப்பன். மாட்டுத் தரகர். அந்தியூர்ச் சந்தையில் அவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொன்னால் மறுபேச்சு இருக்காது என்பார்கள். உண்மையான வயதா என்பது வேறு விஷயம். அவருடைய மகள் கோகிலா எங்கள் விடுதியில் இருந்து படித்தவள். நெட்டையான, அதிகம் பேசாத பெண். அந்த வருடம் மருத்துவத்துக்கு ஒன்றேகால் மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். கால்நடை மருத்துவத்துக்கு நேர்காணல் அட்டை வந்திருந்தது. போனால் இடம் நிச்சயம். போவதா, அல்லது அதை விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து மறுபடி பரீட்சை எழுதுவதா? அந்தக் காலத்தில் இதற்கு இம்ப்ரூவ்மென்ட் என்று பெயர். பாதி ஊர் எழுதியது. அங்கே சேர்ந்துகொண்டே இங்கேயும் எழுதலாமே என்பீர்கள். அப்படி எழுதினவர்களை எனக்குத் தெரியும். அங்கே பாடம் பாக்கி, இங்கே மதிப்பெண் குறைச்சல்.

பழனியப்பன் வந்தபோது சென்னியப்பன் விடுதிச் சமையலறைக்குப் போயிருந்தார். பழனியப்பனோடு அவருடைய மனைவியின் தம்பி செல்வராசும் வந்திருந்தார். கோபிப் பக்கம் வாழைத்தோட்டம், கல்யாண வயதில் ஒரு மகன், அந்த மகனுக்குக் கோகிலா முறைப்பெண். ஆக, அந்தப் பெண் ஒரு வருடம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்கே தெரிந்தது. கோகிலா வெளியே வராந்தாவில் நின்றாள். ஆயா மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தார்.

"மாட்டுக்கு ஊசி போடறதுக்குங்களா சாரு இத்தன வருசம் ஆஸ்டல்ல போட்டுப் படிக்க வெச்சேன்?" என்றார் பழனியப்பன். "நானுந்தான் அறியாத வயசுலருந்து மாட்டு வாலப் புடிச்சுட்டுத் திரியறேன். எம்புள்ளையும் அதையே புடிக்கோணுங்களா? மனுசனுக்கு வைத்தியம் பாக்கோணுமுங்க."

"அதுவும் டாக்டர்தானுங்களே" என்றேன்.

"நீங்க காய்ச்சல்னா அவகிட்டப் போவீங்களா?"



செல்வராசு டீயை எடுக்காமலே சிரித்தார். "ஒரு வருசம் ஊட்ல இருந்து எழுதட்டுமுங்க மச்சான். என்ன அவசரம்? கெடச்சா டாக்டர். கெடைக்காட்டி நாங்க இல்லீங்களா?"

பழனியப்பன் அவரைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "வாத்தியாரே, மறுக்கா எழுதுனா கெடைக்குமா? பத்துக்கு எத்தன? செல்வராசு மாப்பிள்ளைக்குக் கேக்க வேண்டாமுங்க." சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டு என் முன்னால் நீட்டினார்.

மாட்டுச் சந்தையில் இதை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும்தான் தெரியும். எனக்கு வாய் நீளம் என்று சொல்லியிருக்கிறேன். கையும் அப்படித்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. 'ஆகா, இது நல்ல வேடிக்கையாக இருக்கிறதே' என்று கையை உள்ளே விட்டுவிட்டேன்.

அவருடைய விரல்களில் மூன்றைப் பிடித்தேன். பத்துக்கு மூன்று. என் நியாயமான கணிப்பு அது.

அவர் அசையவில்லை. கயிறு இழுத்துக் காய்ப்புக் காய்த்த கை அது. என் மூன்றை மெதுவாக ஒதுக்கிவிட்டு, என் விரல்களில் ஏழைப் பிடித்தார். ஒரு கையில் ஐந்து விரல்தானே என்று கேட்காதீர்கள். ஐந்தைப் பிடித்து விட்டுவிட்டு, மறுபடி இரண்டைப் பிடிப்பார்கள்.

நான் மறுபடி மூன்று.

"ஏனுங்க, ராத்திரி பகலாப் படிச்சிருக்குது. கொஞ்சம் வெச்சுக் குடுங்க" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

நான் நான்கைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. எதிரில் இருப்பவர் அப்படி உருக்கமாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் மூன்றிலேயே நிற்க முடிவதில்லை. அவர் ஆறுக்கு இறங்கினார். அவர் ஒன்று இறங்கியதும் எனக்கு நன்றிக்கடன் வந்துவிட்டது. செல்வராசு எட்டிப் பார்த்து, "என்னுங்க மச்சான், வாத்தியார்கிட்ட மாடு புடிக்கறீங்களா?" என்றார். துண்டு மட்டும் ஆடியது.

"சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அஞ்சுல நிறுத்திக்கலாமுங்க" என்று சொல்லி என் உள்ளங்கையில் பட்டென்று ஒரு அடி அடித்தார். வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாதிக்குப் பாதி. தாராளமா எழுதலாம். எழுதட்டும்" என்று எழுந்தார்.

அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பெண்ணின் வருடம் போயிருந்தது. ஒருவேளை அதற்கு மேலும். நான் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்திருந்தேன். வாசலில் சென்னியப்பன்.

அவர் துண்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குடிக்காத டீயைப் பார்த்தார். சந்தைக்குப் போகாத கொங்கு நாட்டுக்காரர் யார்? எல்லாம் விளங்கிவிட்டது.

"எத்தனைல முடிஞ்சுது?"

"அஞ்சு சார்."

"எத்தனைல ஆரம்பிச்ச?"

"மூணு சார்."

கண்ணாடி கழன்றது. வேட்டி நுனி வந்தது. "அந்த ரெண்டு யாரோடது?"

அவர் வாசலைப் பார்த்து, "அம்மணி, உள்ள வா கண்ணு" என்று கோகிலாவைக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து அவளுடைய அரையாண்டுத் தாளும் திருப்புதல் தேர்வுத் தாள்களும் வந்தன. "கடைசிப் பக்கம்" என்றார் என்னிடம்.

நான் பிரித்தேன். ஏற்கெனவே எனக்கு மனப்பாடமான பக்கம்தான். முதல் பக்கம் எப்படியோ கடைசிப் பக்கமும் அப்படியே. கோடு போட்ட மாதிரி எழுத்து. விட்ட கேள்வி ஒன்றுமில்லை. படத்துக்குப் பெயர், பெயருக்கு அம்புக்குறி, எல்லாம் இருந்தது. எங்கே மதிப்பெண் போயிருந்ததோ, அங்கே தெரியாமல்தான் போயிருந்தது.

"சொல்லு" என்றார்.

சொன்னேன். "இதுல அலட்சியமே இல்லீங்க. அலட்சியம் இருந்தா அடுத்த வருசம் அதைத் தொடச்சு ஏழெட்டு மார்க் எடுக்கலாம். கோகிலா எடுக்க வேண்டியத முழுசா எடுத்துருச்சு. இதுக்கு மேல ஏறுனா அதிர்ஷ்டம். இதே அளவு எறங்கவும் செய்யும். போன வாரம் திருப்பூர்ப் பையன் ஒருத்தனுக்கு ஏழு சொன்னேனுங்க. அவன் கேள்வி நம்பரையே மாத்திப் போடறவன்."

பழனியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப, ஒழுங்கா எழுதுனது குத்தங்களா?"

நியாயமான கேள்வி. அந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அதற்கு நல்ல பதில் ஒன்றை நான் கண்டுபிடிக்கவில்லை.

கோகிலா என்னைப் பார்த்தாள். "சார், துண்டுக்குள்ள எத்தன சொன்னீங்க?"

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது உடைந்துவிடும்போல் இருந்தது.

"மூணுதான் அம்மணி" என்றேன். "மிச்ச ரெண்டு உங்கப்பா கை வலிக்க வலிக்கப் புடிச்சதுக்குக் குடுத்தது. அது உன் மார்க்ல இல்ல."

அவள் தகப்பனிடம் திரும்பினாள். "அப்பா, பத்து மாட்டுல மூணுதான் தேறும்னா நீங்க அந்த மந்தைய வாங்குவீங்களா?"

"நீ மாடா கண்ணு?"

"அதத்தானுங்கப்பா நானும் கேக்கறேன். என்னைய எதுக்கு வெல பேசறீங்க?"

செல்வராசு கனைத்தார். "ஒரு வருசம் ஊட்ல இருந்து நிதானமா ரோசன பண்ணட்டுமே அம்மணி..."

"ரோசன பண்ணியாச்சுங்க மாமா. நான் நேர்காணலுக்குப் போறேன்" என்றாள். சென்னியப்பனைப் பார்த்து ஒரு கும்பிடு. என்னைப் பார்த்து அதுவும் இல்லை. ட்ரங்குப் பெட்டியை எடுக்க விடுதிக்கு நடந்துவிட்டாள்.

பழனியப்பன் என்னிடம் மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் சுட்டது. "கையடிச்சு முடிச்ச யாவாரத்த ஒடைக்கறவன் எங்க சந்தையில நிக்க முடியாதுங்க வாத்தியாரே."

அவர்கள் போனபிறகு சென்னியப்பனிடம், "சார், நான் செஞ்சது..." என்று இழுத்தேன்.

"டீ ஆறிப்போச்சு பார்" என்றார். "டம்ளரக் கையில குடுத்திருந்தின்னா துண்ட எங்க போடுவாரு?"

அதற்குப் பிறகு சில வருடங்களுக்கு அந்தியூர்ப் பக்கத்துப் பெற்றோர் வந்தால், நான் எண்ணைச் சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "இது நெசமான நெம்பருங்களா, இல்ல அப்பறம் ஒடைப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். நான் எண்ணுக்கும் அந்த மூன்று சொல்லுக்கும் மேல் பேசவில்லை. இரண்டு கையாலும் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

தொழிலில் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. கணிப்புகள் பலித்தன. என் வாயால் 'போடுங்க' கேட்ட பிள்ளைகள் பெரிய பெரிய கல்லூரிகளில் நுழைந்தார்கள். 'வேற பாருங்க' கேட்டவர்களில் பலர் வேறு பார்த்து நன்றாகவே இருந்தார்கள். ஆனால் கோகிலா விஷயம் மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நூறு பிள்ளைகளுக்குப் பத்துக்கு மூன்று என்று சொன்னால், கார்டுகளை எண்ணிச் சரிபார்த்துவிடலாம். ஒருத்திக்கு மூன்று என்று சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? அவள் எழுதவே இல்லையே. ஒருவேளை எழுதியிருந்தால், அந்த மூன்றில் ஒருத்தியாக அவள் இருந்திருந்தால்? வராத கார்டை எண்ணக் கற்றுக்கொண்டேன். எழுதப்படாத கார்டை எண்ண யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தொண்ணூறுகள் முடிவதற்குள் ஓர் ஆடி மாதம், அந்தியூர்ச் சந்தையில் குதிரை பார்க்கலாம் என்று போனேன். குதிரைதான் என்று வீட்டில் சொன்னேன். புழுதி, சலங்கை, கயிற்றுக் கடை, கரும்புச்சாறு. நடந்துகொண்டிருந்தவனை யாரோ தோளில் தட்டினார்கள். பழனியப்பன். தலை நரைத்திருந்தது, துண்டு அதேபோல் தோளில்.

"வாத்தியாரே, இந்தச் சந்தையில நீங்க நிக்க முடியாதுன்னு சொன்னனில்ல?"

"நிக்கலீங்களே, நடந்துட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

ஒரு விநாடி பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "வாங்க, அம்மணி இங்கதான் கேம்ப் போட்டிருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். துண்டில்லாத கை. போகிற வழியெல்லாம் புலம்பல். "நம்ம பொழப்பே போச்சுங்க. நான் நாலு பல்லுன்னு சொல்லி யாவாரத்த முடிக்கப் போறப்ப, அங்கிருந்து 'அப்பா, அது ஆறு பல்லு'ன்னு சத்தம் போடுது. சந்தையே சிரிக்குது. நல்லா கேட்டீங்களா? டாக்டரம்மா அப்பன்னு எனக்கு எளநி மட்டும் ஓசில வருது. அவ்வளவுதான் மிச்சம்." புலம்பலில் ஒரு சொல்லுக்குக்கூட வருத்தம் இல்லை.

புளியமரத்தடியில் மரச்சட்டத்துக்குள் ஒரு காராம்பசு நின்றது. சுற்றிலும் கூட்டம். கோகிலா தோள்வரை நீளும் பிளாஸ்டிக் உறை மாட்டி, மாட்டின் பின்னால் நின்று, கையை உள்ளே விட்டுச் சினை பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். விரல்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். எத்தனை மாதம் என்று அவள் வாயால் சொல்லப்போகும் ஒரு எண்ணில்தான் அந்த மாட்டின் விலை இருந்தது.

"சாரு வந்திருக்காரு பாரு அம்மணி" என்றார் பழனியப்பன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. ஒரு தலையசைப்பு.

இத்தனை வருடம் அரித்ததை அங்கேயே கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சந்தை, கூட்டம், மாடு எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்தில் போய், "கோகிலா, உன்கிட்ட ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்று ஆரம்பித்தேன். "அன்னைக்கு நான் மூணுன்னு சொன்னது சரிதானா? நீ ஒரு வருசம் இருந்து எழுதியிருந்தா ஒருவேள கெடச்சிருக்குமோ, நாந்தான் உன்னத் தடுத்துட்டனோன்னு..."

பசு காலை உதைத்து, சாணி ஒட்டிய வாலைச் சுழற்றி என் கன்னத்தில் ஓர் அறை விட்டது.

"வாலப் புடிங்க சார்" என்றாள்.